ஹென்றி அங்கிள் கேட்ட மோட்டார்

ஹென்றி அங்கிள் ரயில் எஞ்சின் ஓட்டுகிறவர் என்று சொன்னதும் எல்லோரும் எந்த ஊர் வரைக்கும் போவார் என்றுதான் கேட்பார்கள். அவர் எந்த ஊருக்கும் போனதில்லை. பேசின் பிரிட்ஜ் பக்கம் யார்டுக்குள்ளேயே ஓடுகிற எஞ்சின் அவருடையது. ஒரு தண்டவாளத்தில் நிற்கும் பெட்டிகளை இழுத்துக்கொண்டுபோய் இன்னொன்றில் நிற்பவற்றோடு சேர்க்க வேண்டும். ஷண்டிங் என்று அதற்குப் பெயர். டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிற ரயில்களைக் கோத்துக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ராயபுரத்து வீட்டுக்கு வந்துவிடுவார். "ஊரு சுத்தாத டிரைவர நான் ஒருத்திதான் கட்டிகினேன்" என்பார் அவர் மனைவி ஃப்ளோரா ஆன்ட்டி.

எஞ்சின் போய்ப் பெட்டியைத் தொடுகிற அந்தக் கடைசி சில அடிகள்தான் அவருடைய வேலை. வேகம் குறைந்தால் கொக்கி சேராது. கூடினால் பெட்டி முழுக்க அதிரும். சேர்ந்து, எஞ்சின் நின்ற பிறகு பாயிண்ட்ஸ்மேன் என்கிற ஊழியர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் குனிந்து புகுந்து பிரேக் குழாய்களை மாட்டுவார். அவர் வெளியே வரும்வரை எஞ்சின் அசையக் கூடாது. ஹென்றி அங்கிளின் எஞ்சினுக்கு முன்னால் அப்படிக் குனிகிறவர் செங்குட்டுவன் அண்ணன். புளியந்தோப்புக்காரர். வாய் ஓயாமல் பேசுவார்.

போன வருஷ மழை முடிந்த சமயத்தில் ஹென்றி அங்கிளின் வலது ஆட்காட்டி விரல் ஆட ஆரம்பித்தது. பிரேக் கைப்பிடியைப் பிடிக்கிற கை அது. அவர் தொடர்ந்து எஞ்சின் ஓட்டலாமா கூடாதா என்பதை வேறு யாரும் கேட்காததால் அவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவர் என்னிடம் ஒரு மோட்டார் கேட்டார்.

நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தவள். வியாசர்பாடி குடியிருப்பில் எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது பாரிமுனைக்குப் பின்னால் ஒரு சந்தில், ரிமோட் வண்டிகளுக்கும் ட்ரோன்களுக்கும் உதிரிப் பாகம் விற்கிற கடையில் நிற்கிறேன். வேலைக்கு மனுப் போடுவது, இன்டர்வியூவுக்குப் போவது, திரும்பி வந்து கல்லாவுக்குப் பின்னால் நிற்பது. அப்பா வெளியில் "பொண்ணு எஞ்சினியரா கீது" என்று சொல்கிறார். பொம்மை மோட்டார் விற்பதும் அதற்குள் அடங்குமா என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

ஹென்றி அங்கிள் எங்கள் கடையின் பழைய வாடிக்கையாளர். க்ராலர் என்று ஒரு வகை ரிமோட் வண்டி உண்டு. வேகமாக ஓடாது. ஜீப்பு மாதிரி பெரிய சக்கரங்களோடு கல்லிலும் பாறையிலும் அங்குலம் அங்குலமாக ஏறும். எண்ணூர் போகிற சாலையோரம் கடலரிப்புக்காகக் கொட்டிய கருங்கற்கள்தான் இந்த வண்டிக்காரர்களுக்கு மலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஐந்தாறு பேர் அங்கே கூடுவார்கள். பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும். இவர்கள் தலையைத் திருப்புவதில்லை. வண்டி கவிழ்ந்தால் கையால் தூக்கி வைக்கக் கூடாது, ரிமோட்டாலேயே புரட்டி எழுப்ப வேண்டும் என்பது அவர்கள் சட்டம். கை வைத்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்.

கடற்காற்றில் இந்த வண்டிகளின் மோட்டார் நெடுநாள் தாங்காது. ஜனவரியில் ஒருநாள் ஹென்றி அங்கிள் துருப்பிடித்து இறுகிப்போன மோட்டாரோடு கடைக்கு வந்தார்.

"அம்பத்தஞ்சு டர்ன்தானே அங்கிள்? ஸ்டாக் கீது" என்றேன்.

"வாணாம் மித்ரா. முப்பத்தஞ்சு குடு."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கார்பன் பிரஷ் வைத்த இந்த மோட்டார்களுக்குள் செப்புக் கம்பி சுற்றியிருக்கும். எத்தனை சுற்று என்பதுதான் டர்ன் கணக்கு. சுற்று கூடக்கூட மோட்டார் மெதுவாக, நிதானமாகச் சுழலும். குறைந்தால் வேகம். பாறை ஏறுகிறவர்கள் ஐம்பத்தைந்தைக் கேட்பார்கள். ஏறவும் வேண்டும், சமதரையில் கொஞ்சம் ஓடவும் வேண்டும் என்கிறவர்கள் முப்பத்தைந்துக்கு வருவார்கள். ஹென்றி அங்கிளின் வண்டி சமதரையில் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"எதுக்கு அங்கிள்? ரேஸ் உடப் போறீங்களா?"

"நின்ன எடத்துல இருந்து கெளம்பறப்போ அது எப்டி இருக்கும்?"

"அம்பத்தஞ்சு மாதிரி சாதுவா இருக்காது. வெரல் ஒரு நூலு அசஞ்சாலும் வண்டி துள்ளும்."

"அதான் எனக்கு வோணும்."

கல்லாவின் கண்ணாடி மேல் வலது கையை விரித்து வைத்தார். நான்கு விரல்கள் சும்மா கிடந்தன. ஆட்காட்டி விரலின் நுனி மட்டும், கண்ணாடிக்கடியில் ஏதோ எஞ்சின் ஓடுவதுபோல, லேசாக ஆடியது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் நின்றுவிட்டது. பிறகு மறுபடி ஆடியது.

"போன வாரம் ஒரு இடி இடிச்சிட்டேன்" என்றார். "கோச்சுக்குள்ள ஒருத்தன் கழுவிகினு இருந்தான், அவன் பக்கெட்டு கவுந்துச்சு. செங்குட்டுவன் வெளிய நின்னுகினு இருந்தான். ஒண்ணும் ஆவல. இன்னாண்ணே, பொண்டாட்டியோட சண்டையான்னு கேட்டுச் சிரிச்சான். அது தண்டவாளத்துல எண்ணெ இருந்ததாலயா, இல்ல இந்த வெரலாலயான்னு எனக்குத் தெர்ல."

"எஞ்சின்லயே தெரியாதா அங்கிள்?"

"அது யான கணக்கா வெயிட்டு. சின்னச் சின்ன ஆட்டத்தெல்லாம் முழுங்கிரும். என்னிக்கி முழுங்காதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது? முழுங்காத ஒண்ணுல ஓட்டிப் பாக்கணும். அம்பத்தஞ்சு போட்டா இதுவும் முழுங்கிரும்."

டாக்டரிடம் காட்டலாமே என்றேன். வெளியில் ஒருவரிடம் காட்டியிருந்தார். சுகர் இல்லை, டென்ஷனாக இருக்கும், ஓய்வெடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். ரயில்வே டாக்டரிடம் போனால் எஞ்சினிலிருந்து இறக்கிவிடுவார்கள். அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு இன்னும் வெகு நாள் இருக்கிறது. கண்ணைப் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள்.

"வெரல நீட்டுன்னு எவனும் கேக்க மாட்டான். நானா போய்ச் சொன்னாதான். சொல்லிட்டா திரும்ப ஏற முடியாது. என் வெரல்தான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாம நான் எதுக்குமா எறங்கணும்?"

என் அப்பா மணலியில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றுகிறார். அவருக்கு முழங்கால் போய் ரொம்ப நாளாகிறது. மேஸ்திரி முன்னால் நொண்டாமல் நடப்பதற்கென்றே ஒரு நடை வைத்திருக்கிறார். லாரி திரும்பிப் போனதும்தான் நொண்டுவார். எங்கள் வீட்டில் உடம்புக்கு வந்தால் முதலில் மறைக்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. அதனால் தன் விரலைத் தானே பிடித்துக் கொடுக்க ஒருவர் மோட்டார் வாங்குவது எனக்குப் புரியவில்லை. நிரந்தர வேலையில் இருப்பவருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும் என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் நியாயமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்பாவின் முழங்காலால் மூட்டை விழுந்தால் அப்பாவின் மேல் விழும். இங்கே குனிந்திருப்பது இன்னொருவர்.

"ரிமோட்ல ஒரு செட்டிங் கீது அங்கிள். வெரலோட சின்ன ஆட்டத்தக் கண்டுக்காத மாதிரி பண்ணிடலாம்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"எஞ்சின்ல அந்த செட்டிங் வெச்சிக் குடு, உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார்.

இரண்டு மோட்டாரையும் பையில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், ஐம்பத்தைந்தையும் முப்பத்தைந்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். ஒன்றில் ஆடி மற்றதில் ஆடாவிட்டால் மோட்டாரின் குணமாகவும் இருக்கலாம் என்று ஒரு வாதம் அப்போதே என் மனதில் தயாராகிக்கொண்டிருந்தது.

ஞாயிறன்று கற்கள் ஈரமாக இருந்தன. மற்றவர்கள் எங்கோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஃப்ளோரா ஆன்ட்டி பூசைக்குக் கட்டிய புடவையோடு ஸ்கூட்டர் சீட்டில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். செங்குட்டுவன் அண்ணன் டீ வாங்கிக்கொண்டு வந்தார். விரல் விஷயம் அவருக்குத் தெரியாது.

ஆன்ட்டிக்குத் தெரியும். "கொழம்பு ஊத்தறப்பவே பாத்தேன். கரண்டி தட்டுல தாளம் போட்டுகினு இருந்துச்சு" என்று என் காதோரம் சொன்னார். "நீ எத வேணா மாட்டு. ராத்திரி இவரு நிம்மதியா தூங்கணும். அவ்ளோதான் எனக்கு."

அந்தக் கூட்டத்தில் ஹென்றி அங்கிள் ஆரம்பித்துவைத்த ஒரு விளையாட்டு உண்டு. தட்டையான கல் ஒன்றின் மேல் டீ நிரம்பிய பேப்பர் கப்பை வைப்பார்கள். வண்டி பாறைகளில் ஏறி வந்து முன் பம்பரால் கப்பைத் தொட வேண்டும். டீ தளும்பக் கூடாது. ரயில் பெட்டியைக் கோப்பதற்குச் சொல்கிற கப்ளிங் என்ற பெயரையே அதற்கும் வைத்திருந்தார். அவரைத் தவிர வேறு யாருக்கும் அது ஒழுங்காக வந்ததில்லை.

முதலில் ஐம்பத்தைந்தை மாட்டினேன். இரண்டு திருகாணிதான். மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்துக்கும் வண்டியின் பெரிய பல்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் நுழைகிற இடைவெளி விட்டு இறுக்க வேண்டும். வண்டி பாசிக் கல்லில் வழுக்காமல் ஏறி, ஒரு விளிம்பில் நின்று யோசித்து, இறங்கி, கப்பருகே போய்த் தொட்டது. டீயின் மேல் வட்டம்கூட எழும்பவில்லை.

"பாரு, எங்க அண்ணன் கையி" என்றார் செங்குட்டுவன் அண்ணன். "யார்டுல எத்தினியோ பேரு கீறாங்க மித்ரா. ஒருத்தன் வந்து நின்னா தலமேல இடி வுழுந்தா மாதிரி கீது. இவரு வந்து நின்னாரா இல்லையான்னே தெரியாது. நான்தான் போய்த் தொட்டுப் பாத்துக்குவேன்."

ஹென்றி அங்கிள் அவர் பக்கம் பார்க்காமல், "மாத்து மித்ரா" என்றார்.

"எதுக்கு மாத்தற? நல்லாத்தானே கீது?" என்றார் செங்குட்டுவன் அண்ணன்.

"நீ உன் டீயக் குடி."

முப்பத்தைந்தை மாட்டினேன். கிளம்பும்போதே வண்டி ஒரு முறை துள்ளி நின்றது. பாறை ஏறியது, ஆனால் நடுங்கிக்கொண்டே ஏறியது. சக்கரங்கள் நின்று நின்று சுழன்றன. கப்பருகே வந்ததும் ஹென்றி அங்கிள் நிறுத்தினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மிச்சமிருந்தது ஒரு ஜாண் தூரம். வண்டி அரை ஜாண் நகர்ந்தது, நின்றது, பிறகு பாய்ந்து கப்பைத் தள்ளிவிட்டது. டீ கல்லில் ஓடியது.

"இன்னாண்ணே" என்று சிரித்தார் செங்குட்டுவன் அண்ணன். இன்னொரு கப் வைத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை வைக்கும்போது அவர் சிரிப்பு நின்றிருந்தது. அவர் வண்டியைப் பார்க்கவில்லை. ரிமோட்டின் விசைமேல் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கப்பும் விழுந்தது.

"மோட்டார் அப்டித்தான் அங்கிள். இந்த டர்ன்ல யார் ஓட்டுனாலும் துள்ளும்" என்றேன். தயாராக வைத்திருந்த வாதம் அது.

அவர் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு."

நான் அவ்வளவு நல்ல ஓட்டுநர் இல்லை. கடையில் சோதித்துப் பார்க்கிற அளவுக்குத்தான் பழக்கம். மிச்சமிருந்த ஒரே டீயை, அது ஆன்ட்டியுடையது, செங்குட்டுவன் அண்ணன் கொண்டுபோய் வைத்தார். நான் வண்டியை அதே இடத்துக்கு, அதே ஒரு ஜாண் தூரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அங்கேயிருந்து கப்பைத் தள்ளிவிட எனக்கு ஒன்றும் பெரிய முயற்சி தேவையில்லை. விரலை ஒரு நூல் அழுத்தினால் போதும். தள்ளிவிட்டால் மோட்டார்தான் காரணம் என்று ஆகிவிடும். அவர் திங்கட்கிழமை எஞ்சினில் ஏறுவார். ஆன்ட்டி கேட்ட தூக்கம் கிடைக்கும். ஆன்ட்டி குடையைத் தாழ்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தள்ளிவிடு என்றுதான் சொன்னது என்று எனக்குத் தோன்றியது. அது என் நினைப்பாகவும் இருக்கலாம். கப்புக்குப் பக்கத்தில் செங்குட்டுவன் அண்ணன் குந்தி உட்கார்ந்திருந்தார். தினமும் தன் வேலைக்குக் குனிகிற மாதிரியே முதுகை வளைத்து, ஒரு கையைக் கல்லில் ஊன்றிக்கொண்டு.

வண்டியை மெதுவாக விட்டேன். அது கொஞ்சம் துள்ளியது, நின்றது, மறுபடி ஊர்ந்தது. பம்பர் கப்பைத் தொட்டது. டீ லேசாகத் தளும்பியது. சிந்தவில்லை.

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

செங்குட்டுவன் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இதுக்கு இன்னாண்ணே இப்போ? நான் கீறேன்ல. நீ வந்து நின்னதும் நல்லா பாத்துகினு, நீ கையெடுத்தப்புறம்தான் உள்ள போவேன். நமக்குள்ள இருக்கட்டும். எவனுக்குத் தெரியப் போவுது?"

"நீ பாத்துக்குவ. நீ லீவு போட்டா வர்றவன்?"

"அவனாண்டயும் சொல்லிட்டுப் போறேன்."

"இன்னான்னு சொல்லுவ? ஹென்றிக்கு வெரல் ஆடுது, சூதானமா குனின்னா?"

செங்குட்டுவன் அண்ணன் கல்லில் கிடந்த கப்புகளைப் பொறுக்கினார். "இந்தப் பொண்ணு ஒரு கலீஜான மோட்டாரத் தூக்கிகினு வந்து..." என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார். ஆன்ட்டி அந்த டீயை எடுத்து ஹென்றி அங்கிளிடம் கொடுத்தார். அவர் இடது கையால் வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை அவர் எஞ்சினில் ஏறவில்லை. நேராக ரயில்வே டாக்டரிடம் போய் விரலைக் காட்டினார். பல சோதனைகள் நடந்தன. நரம்பு சம்பந்தமானது, மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுதாகப் போகாது என்றார்கள். எஞ்சின் ஓட்டத் தகுதியில்லை என்று முடிவாயிற்று. வேறு வேலை கொடுத்தார்கள். டிரைவர்கள் வேலைக்கு வந்ததும் கையெழுத்துப் போடுகிற அலுவலகம் ஒன்று உண்டு, லாபி என்பார்கள். அங்கே ஒரு மேஜை, ஒரு நாற்காலி. வருகிறவர்கள் குடித்திருக்கிறார்களா என்று குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்து உள்ளே அனுப்ப வேண்டும்.

அதன் பிறகு சில ஞாயிறுகள் அவர் கல்லுப் பக்கம் வரவில்லை. என் மேல் கோபமா என்று ஆன்ட்டியிடம் போனில் கேட்டேன். "கோவம்லாம் இல்லமா. உன்னப் பாத்தா அந்தக் கப்பு ஞாபகம் வருதாம். எனக்குத்தான் உன்மேல கொஞ்சம் கோவம். அதுவும் போயிரும்" என்றார். செங்குட்டுவன் அண்ணனை வியாசர்பாடி பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். புதிதாக வந்திருக்கும் டிரைவர் ஹென்றி அங்கிளைவிடப் பலமாக இடிக்கிறார் என்று குறைப்பட்டுக்கொண்டார். "ஆனா நின்னா அசையாம நிக்கறான்" என்று கொஞ்சம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்.

நான் செய்தது சரிதான் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கடை முதலாளி சொன்னார், கல்லூரித் தோழி சொன்னாள். அப்பாவிடம் சொன்னபோது அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "தள்ளி வுட்டிருக்கலாம்ல" என்றார். அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு அவர் சொன்னது தப்பாகப் படவில்லை. செய்ததும் தப்பாகப் படவில்லை. இரண்டையும் ஒன்றாக எப்படி வைத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

ஏப்ரலில் ஹென்றி அங்கிள் கடைக்கு வந்தார். பேட்டரி ஒயர் ஒன்று வேண்டுமென்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ சொன்னேன். கொஞ்சம் உடம்பு கூடியிருந்தார். நாற்காலி வேலை.

"நீ தள்ளி வுட்ருவேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்டித்தான் நெனச்சேன் அங்கிள்."

"தள்ளியிருந்தா இந்நேரம் எஞ்சின்ல இருப்பேன்." அதைக் குறையாகவும் சொல்லவில்லை, நன்றியாகவும் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

பிறகு லாபி வேலையைப் பற்றிப் பேசினார். குழாயை நீட்டுவது, ஊதச் சொல்வது, கையெழுத்து வாங்குவது. "எல்லாரும் நான் வாய மோந்து பாக்கறேன்னு நெனச்சிகினு கீறானுங்க. நான் எவன் வாயயும் பாக்கறதில்ல மித்ரா. பேனா புடிக்கறானுங்கள்ல, அப்போ வெரலப் பாக்கறேன். நேத்து ஒருத்தன் வந்தான். என்னவிட சின்னவன், ரெண்டு பொண்ணு. பேனா எடுத்தப்போ லேசா ஒரு ஆட்டம்."

"இன்னா பண்ணீங்க?"

"வெயில்ல வண்டி ஓட்டிகினு வந்திருப்பான், அதனாலகூட இருக்கும். கையெழுத்த வாங்கி அனுப்பிட்டேன். இன்னிக்கு மறுபடி வருவான்."

ஒயரைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை.

"அவனாண்ட இன்னா சொல்றது?" என்று என்னைக் கேட்டார். "நீ படிச்ச பொண்ணு, சொல்லேன்."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

"எனக்குந்தான்" என்றார். "மொதல்ல ஒரு டீ வாங்கிக் குடுத்து ஒக்கார வெக்கறேன்." அவர் சந்திலிருந்து வெளியேறி, பேசின் பிரிட்ஜ் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தார்.